கன்னாபினாய்டு ஏற்பிகளும் செல்லுக்குள் செல்லும் சமிக்ஞையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மருந்தியல் படிப்பவர்களும், சிபி1 ஏற்பி வைத்துச் சோதனை தொடங்குபவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. பெயர்களைப் பற்றி முதலில் ஒன்று. கஞ்சாவின் ஏற்பிகளான சிபி1, சிபி2 இரண்டும், பைசர் நிறுவனம் செய்த சிபி-55,940 என்ற மருந்தும் தமிழ் எழுத்தில் ஒன்றுபோலத் தெரியும். ஐந்து இலக்க எண் வந்தால் அது மருந்து, ஒற்றை இலக்கம் வந்தால் ஏற்பி.

கன்னாபினாய்டு ஏற்பி என்பது என்ன? உடலில் எங்கே இருக்கிறது?

செல்சவ்வை ஏழு முறை ஊடுருவி நிற்கும் புரதம். வெளியே ஒரு மூலக்கூறு வந்து ஒட்டினால், உள்ளே செய்தியைக் கடத்தும் ஜி-புரதத்தை எழுப்பிவிடும். மனித சிபி1 ஏற்பியில் 472 அமினோ அமிலங்கள், சிபி2-வில் 360. மூளையில் உள்ள ஜி-புரத ஏற்பிகளில் மிக அதிகமாக இருப்பவற்றில் சிபி1 ஒன்று. அடித்தள நரம்புத்திரள்கள், சிறுமூளை, ஹிப்போகேம்பஸ் ஆகிய இடங்களில் நெருக்கமாகவும், மூச்சைக் கட்டுப்படுத்தும் மூளைத்தண்டுப் பகுதிகளில் மிகக் குறைவாகவும் இருக்கிறது. அபினி வகை மருந்துகள் அளவு மீறினால் மூச்சை நிறுத்துவதுபோல் கஞ்சா நிறுத்துவதில்லை என்பதற்கு இந்தப் பரவலே காரணமாகச் சொல்லப்படுகிறது. சிபி2 பெரும்பாலும் மண்ணீரலிலும் நோயெதிர்ப்பு செல்களிலும் இருக்கும்.

இப்படி ஓர் ஏற்பி இருக்கிறது என்பதை எப்படிக் கண்டுபிடித்தார்கள்?

கஞ்சாவில் போதை தரும் பொருளான டிஎச்சி மூலக்கூறின் வடிவத்தை இஸ்ரேலில் ரபேல் மெக்கூலமும் யெஹியேல் கவோனியும் 1964-இல் வெளியிட்டார்கள். அதற்குப் பின் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக, அது எங்கே போய் வேலை செய்கிறது என்பது விளங்கவில்லை. டிஎச்சி எண்ணெய்போல. தண்ணீரில் கரையாது, கொழுப்பில் ஓடிப்போய்க் கலக்கும். ஆகவே அது செல்சவ்வின் கொழுப்பைக் குலைத்துத்தான் போதை தருகிறது, தனி ஏற்பி எதுவும் தேவையில்லை என்ற கருத்து வலுவாக இருந்தது. கதிரியக்கம் ஏற்றிய டிஎச்சியைக் கொண்டு ஒட்டுதல் சோதனை செய்தால், அது கண்ட இடத்திலெல்லாம் ஒட்டிக்கொண்டு அந்தக் கருத்தையே உறுதிப்படுத்துவதுபோல் தோன்றியது.

செயின்ட் லூயிஸ் பல்கலைக்கழகத்தில் ஆலின் ஹௌலெட் வேறு வழியில் போனார். ஒட்டுதலைப் பார்ப்பதற்கு முன் சமிக்ஞையைப் பார்த்தார். என்18டிஜி2 என்ற எலி நரம்புக் கட்டி செல்களின் சவ்வில், கன்னாபினாய்டுகள் (டிஎச்சியும் அதுபோன்ற பொருள்களும்), சைக்ளிக் ஏஎம்பி என்ற செய்தி மூலக்கூறைச் செய்யும் அடினைலேட் சைக்ளேஸ் நொதியை அடக்குகின்றன என்று 1984-இல் காட்டினார். 1986-இல், பெர்ட்டுசிஸ் நச்சு கொடுத்தால் அந்த அடக்கம் மறைந்துபோகிறது என்று வந்தது. பெர்ட்டுசிஸ் நச்சு ஜிஐ வகை ஜி-புரதத்தை முடக்குவது. கொழுப்பைக் குலைக்கும் ஒரு பொருளுக்கு ஜி-புரதம் தேவைப்படக் காரணம் இல்லை. அதோடு, கண்ணாடியில் தெரியும் பிம்பம்போல ஒன்றுக்கொன்று திருப்பமான இரட்டை மூலக்கூறுகளில் ஒன்று வேலை செய்தது, மற்றது மிகப் பலவீனமாக இருந்தது. கொழுப்புக்கு இடக்கை வலக்கை வேறுபாடு தெரியாது. புரதத்துக்குத் தெரியும்.

இந்த அடித்தளம் இருந்ததால்தான் 1988-இல் அவரும் வில்லியம் டிவேனும் மற்றவர்களும், டிரிட்டியம் என்ற கதிரியக்க ஹைட்ரஜன் ஏற்றிய சிபி-55,940 கொண்டு எலி மூளைச் சவ்வில் ஒட்டுமிடத்தை அளந்து காட்டியபோது அது நம்பத்தக்கதாக இருந்தது. ஒட்டும் வலிமையின் வரிசையும், நொதியை அடக்கும் வலிமையின் வரிசையும் ஒத்துப்போயின. 1990-இல் அமெரிக்க தேசிய மனநலக் கழகத்தில் லிசா மட்சுடாவும் குழுவினரும் சிபி1-இன் மரபணுவைப் பிரித்தெடுத்தார்கள். 1993-இல் கேம்பிரிட்ஜில் ஷான் மன்ரோவும் குழுவினரும் எச்எல்-60 என்ற ரத்தப் புற்று செல்வகையிலிருந்து சிபி2-வைக் கண்டார்கள்.

இந்த வரலாற்றை இவ்வளவு நீட்டிச் சொல்லக் காரணம் இருக்கிறது. ஒட்டுவது வேறு, சமிக்ஞை தருவது வேறு. இரண்டையும் தனித்தனியே அளந்து ஒப்பிட்டதால்தான் இந்த ஏற்பியே கிடைத்தது. இன்றும் இந்தத் துறையில் நடக்கும் தவறுகளில் பெரும்பாதி, ஒன்றை அளந்துவிட்டு மற்றதைச் சொல்வதால் வருபவை.

சிபி1 எழும்பினால் செல்லுக்குள் என்ன நடக்கிறது?

ஜிஐ, ஜிஓ வகை ஜி-புரதங்கள் தங்களிடம் உள்ள ஜிடிபியை (GDP) விட்டு, ஒரு பாஸ்பேட் கூடிய அதன் வடிவத்தை (GTP) எடுத்துக்கொள்கின்றன. தமிழ் எழுத்தில் இரண்டும் ‘ஜிடிபி’ என்றே வரும். இந்தப் பக்கத்தில் குழப்பம் வராமல் இருக்கப் புதியதை ட்ரை-பாஸ்பேட் என்றும், பழையதை டை-பாஸ்பேட் என்றும் எழுதுகிறோம். ஜி-புரதத்தின் ஆல்பா பகுதி பிரிந்துபோய் அடினைலேட் சைக்ளேஸை அடக்கும். சைக்ளிக் ஏஎம்பி குறையும். மிச்சமுள்ள பீட்டா-காமா பகுதி, நரம்பு முனையில் என் வகை, பி/க்யூ வகைக் கால்சியம் வாயில்களை மூடும். சில வகைப் பொட்டாசியம் வாயில்களைத் திறக்கும். இன்னொரு பக்கம் எர்க் என்ற கைனேஸ் நொதிகளுக்குப் பாஸ்பேட் ஏறும். கொஞ்ச நேரம் கழித்து ஏற்பியின் வாலில் பாஸ்பேட் ஏறி, பீட்டா-அரெஸ்டின் என்ற புரதம் வந்து ஒட்டி, ஏற்பி உள்ளே இழுக்கப்படும்.

ஜிஐ-யை பெர்ட்டுசிஸ் நச்சால் முடக்கினால் சில செல்களில் சைக்ளிக் ஏஎம்பி குறைவதற்குப் பதிலாக ஏறும். சோதனை தவறிவிட்டது என்று நினைத்துவிட வேண்டாம். சிபி1 அப்போது, சைக்ளிக் ஏஎம்பியை ஏற்றும் ஜிஎஸ் வகைப் புரதத்தோடு சேர்கிறது. 1997-லேயே இது பதிவாகியிருக்கிறது.

ஆனந்தமைடு என்ற பெயர் நம் ‘ஆனந்தம்’தானா?

ஆம், சமஸ்கிருத ‘ஆனந்த’ என்ற சொல்லோடு, அந்த மூலக்கூறின் வேதி வகையான ‘அமைடு’ சேர்ந்தது. 1992-இல் மெக்கூலமின் ஆய்வகத்தில் பன்றி மூளையிலிருந்து டிவேனும் லுமிர் ஹனுஷும் பிரித்தெடுத்தார்கள். உடலே தயாரிக்கும் இரண்டாவது பொருளான 2-ஏஜி, 1995-இல் மெக்கூலம் குழுவாலும், ஜப்பானில் சுகியுரா குழுவாலும் தனித்தனியே அறிவிக்கப்பட்டது.

இவை மற்ற நரம்புக் கடத்திகள்போல் பையில் சேர்த்து வைக்கப்படுவதில்லை. தேவைப்படும் நேரத்தில் சவ்வின் கொழுப்பிலிருந்து வெட்டியெடுக்கப்படும். போகும் திசையும் தலைகீழ்: செய்தி வாங்கும் நரம்பு செல்லிலிருந்து கிளம்பி, செய்தி அனுப்பிய முனைக்குத் திரும்பிப் போய், அங்குள்ள சிபி1-ஐத் தொட்டு ‘போதும், குறைத்துக்கொள்’ என்று சொல்லும். 2001-இல் ஒரே ஆண்டில் மூன்று குழுக்கள் இதைக் காட்டின.

முழு அகோனிஸ்ட், பகுதி அகோனிஸ்ட் என்றால் என்ன வேறுபாடு?

அகோனிஸ்ட் என்பது ஏற்பியை எழுப்பும் மருந்து. ஏற்பிகள் எல்லாவற்றையும் நிரப்பிய பிறகும் எவ்வளவு சமிக்ஞை வருகிறது என்பதில்தான் வேறுபாடு. டிஎச்சி சிபி1-இல் சில பத்து நானோமோலாரில் நன்றாகவே ஒட்டும். ஆனால் உச்ச சமிக்ஞை குறைவு. அது பகுதி அகோனிஸ்ட். சிபி-55,940, வின்-55,212-2 இரண்டும் உச்சம் தொடுபவை.

இது ஆய்வகத்துக்குள் மட்டும் பேசும் நுணுக்கம் இல்லை. கிளெம்சன் பல்கலைக்கழகத்தில் ஜான் ஹஃப்மன் ஆராய்ச்சிக்காகச் செய்த ஜேடபிள்யூஎச்-018 என்ற பொருள், 2008-இல் ‘ஸ்பைஸ்’ என்ற பெயரில் விற்ற மூலிகைக் கலவைகளில் கண்டுபிடிக்கப்பட்டது. அது முழு அகோனிஸ்ட். ‘செயற்கைக் கஞ்சா’ என்று பெயர் சொன்னாலும், ஏற்பியில் அது செய்வது டிஎச்சி செய்வதல்ல. வலிப்பு, கடும் படபடப்பு, மனக்குழப்பம் என்று மருத்துவமனைக்கு வந்தவர்கள் பலர்.

ஒட்டுதல் சோதனையை எப்படிச் செய்வது?

எலி மூளைச் சவ்வோ, சிபி1 ஏற்றிய செல்லின் சவ்வோ, அடிப்படை ஒன்றே. 50 மில்லிமோலார் ட்ரிஸ் தாங்கற்கரைசல், பிஎச் 7.4, அதில் 5 மில்லிமோலார் மெக்னீசியம் குளோரைடு, 1 மில்லிமோலார் இடிடிஏ, கொழுப்பமிலம் நீக்கிய மாட்டு ஆல்புமின் 0.1 முதல் 0.5 சதம். குழாய்க்கு 10 முதல் 50 மைக்ரோகிராம் சவ்வுப் புரதம். டிரிட்டியம் ஏற்றிய சிபி-55,940 சுமார் 0.5 நானோமோலார். சோதிக்கும் மருந்து வெவ்வேறு செறிவுகளில். 30 டிகிரியில் 60 முதல் 90 நிமிடம் வைத்து, கண்ணாடியிழை வடிகட்டித்தாளில் வேகமாக உறிஞ்சி, ஆல்புமின் கலந்த பனிக்குளிர் கரைசலால் மூன்று முறை கழுவி, எண்ணும் கருவியில் வைக்க வேண்டும். ஏற்பியல்லாத இடத்தில் ஒட்டியதைக் கழிக்க, சில குழாய்களில் கதிரியக்கமில்லாத வின்-55,212-2 மருந்தை 10 மைக்ரோமோலார் சேர்க்க வேண்டும்.

தொடங்கும் முன் ஒரு கணக்கைப் போட்டே ஆக வேண்டும். அரை மில்லிலிட்டரில் 0.5 நானோமோலார் என்றால் மொத்தம் 250 ஃபெம்டோமோல் மருந்து. சவ்வில் ஒரு மில்லிகிராமுக்கு 1 பிக்கோமோல் ஏற்பி, நீங்கள் போட்டது 20 மைக்ரோகிராம் என்றால், ஏற்பி 20 ஃபெம்டோமோல். பிரிகை மாறிலி, அதாவது ஏற்பிகளில் பாதி நிரம்பும் செறிவு, 1 நானோமோலார் என்றால் அதில் மூன்றில் ஒன்று, அதாவது சுமார் 7 ஃபெம்டோமோல் நிரம்பும். 250-இல் 7 போனால் பாதகமில்லை. இப்போது ஏற்பி மிகுதியாக ஏற்றிய செல்லை எடுங்கள்: மில்லிகிராமுக்கு 5 பிக்கோமோல், போட்டது 50 மைக்ரோகிராம். ஏற்பியே 250 ஃபெம்டோமோல். மருந்தும் ஏற்பியும் சரிக்குச் சரி! கரைசலில் தனியாக மிதக்கும் மருந்து வெகுவாகக் குறைந்துவிடும். நீங்கள் கணக்கில் எழுதும் 0.5 என்ற எண் பொய்யாகிவிடும். ஒட்டியது, போட்டதில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. தாண்டினால் சவ்வைக் குறையுங்கள், அல்லது கரைசலின் அளவைக் கூட்டுங்கள்.

பாதி இடத்தைப் பிடித்துத் தள்ளும் செறிவு கிடைத்ததும், அதை ஒன்றோடு கதிரியக்க மருந்தின் செறிவைப் பிரிகை மாறிலியால் வகுத்துக் கூட்டியதால் வகுக்க வேண்டும். மேலே சொன்ன எண்களில், 15 நானோமோலார் கிடைத்தால், 1.5-ஆல் வகுத்து 10 நானோமோலார். வகுக்காத எண்ணை மற்றொரு ஆய்வகத்தின் எண்ணோடு ஒப்பிட முடியாது.

பின்னணி எண்ணிக்கை மிக அதிகமாக இருக்கிறது. செறிவுகளும் ஒவ்வொரு முறையும் மாறுகின்றன. ஏன்?

கன்னாபினாய்டுகள் பிளாஸ்டிக்கில் ஒட்டும், கண்ணாடியில் ஒட்டும், வடிகட்டித்தாளில் ஒட்டும், பிப்பெட் முனையில் ஒட்டும். நாள் முழுக்க நடக்கும் சோதனையைக் கெடுப்பது பெரும்பாலும் இதுவே.

மிகப் பொதுவான பிழை ஒன்றை அருகிலிருந்து பார்க்கலாம். டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பானில் கரைத்த 10 மில்லிமோலார் மருந்தை எடுத்து, முதலில் தண்ணீர்த்தன்மையுள்ள தாங்கற்கரைசலில் 10 மைக்ரோமோலாருக்குக் கொண்டுவருகிறார்கள். அதிலிருந்து பத்தில் ஒன்றாக ஆறு முறை நீர்க்கச் செய்கிறார்கள். ஒவ்வொரு குழாயின் சுவரும் கொஞ்சம் பிடித்துவைத்துக்கொள்ளும். ஆறாவது குழாயில் இருப்பதாக எழுதிய செறிவில் பாதிகூட இருக்காது. வளைவு வலப்பக்கம் நகரும், மருந்து பலவீனமானது என்ற முடிவு வரும். மருந்தின் மேல் குற்றமே இல்லை. நீர்த்தல் முழுவதையும் டிஎம்எஸ்ஓ அல்லது எத்தனாலிலேயே செய்யுங்கள். கடைசிப் படியில் மட்டும் ஆல்புமின் உள்ள கரைசலுக்கு மாற்றுங்கள். முடிவில் டிஎம்எஸ்ஓ எல்லாக் குழாயிலும் ஒரே அளவு, 0.1 சதத்தைத் தாண்டாமல் இருக்கட்டும். ஒவ்வொரு செறிவுக்கும் புது முனை. சிலிக்கான் பூசிய கண்ணாடிக் குழாய் கிடைத்தால் அதுவே நல்லது.

ஆல்புமினுக்கும் ஒரு விலை உண்டு. அது சுவரில் ஒட்டாமல் காக்கும்; ஆனால் தானும் மருந்தைப் பிடித்துக்கொள்ளும். 0.1 சதத்தில் கிடைத்த எண்ணையும் 0.5 சதத்தில் கிடைத்த எண்ணையும் ஒரே அட்டவணையில் வைக்கக் கூடாது.

டிஎச்சியை வெளிச்சத்திலும் வெப்பத்திலும் விட்டால் ஆக்சிஜனேற்றமாகிக் கன்னாபினாலாக மாறும். பழுப்பு நிறக் குப்பி, குளிர்பதனம், சின்னச் சின்னப் பங்குகள். நிறம் மாறிய கரைசலைத் தூக்கிப்போடத் தயங்க வேண்டாம்.

கந்தகம்-35 ஏற்றிய ஜிடிபி-காமா-எஸ் (GTPγS) சோதனையில் தூண்டலே தெரியவில்லை. எங்கே தவறு?

இந்தச் சோதனை, ஜி-புரதம் எழும்பியதை நேரடியாக அளப்பது. ஜிடிபி-காமா-எஸ் என்பது ட்ரை-பாஸ்பேட் வடிவத்தின் சிதையாத நகல். ஒரு முறை ஜி-புரதத்தில் ஏறினால் இறங்காது. வழக்கமான கலவை: 50 மில்லிமோலார் ட்ரிஸ், 100 மில்லிமோலார் உப்பு, 3 மில்லிமோலார் மெக்னீசியம் குளோரைடு, 0.2 மில்லிமோலார் இஜிடிஏ, 0.1 சதம் ஆல்புமின், கதிரியக்கப் பொருள் 0.05 முதல் 0.1 நானோமோலார், சவ்வு 5 முதல் 10 மைக்ரோகிராம், 30 டிகிரியில் ஒரு மணி நேரம்.

தூண்டல் தெரியாவிட்டால் முதலில் பார்க்க வேண்டியது டை-பாஸ்பேட்டின் அளவு. அதைச் சேர்க்காவிட்டால் எந்த மருந்தும் இல்லாமலே ஜி-புரதங்கள் கதிரியக்கப் பொருளை எடுத்துக்கொள்ளும்; பின்னணி மலைபோல் நிற்கும், அதன் மேல் மருந்தின் பங்கு தெரியாது. மிக அதிகமாகச் சேர்த்தால் தூண்டலையும் சேர்த்துப் புதைத்துவிடும். மூளைச் சவ்வுக்கு 30 மைக்ரோமோலார் நல்ல தொடக்கம். 10, 30, 100 என்று மூன்றிலும் ஒரே நாளில் சோதித்துப் பாருங்கள். பகுதி அகோனிஸ்டுகளுக்கு இதன் அளவு இன்னும் முக்கியம்: டை-பாஸ்பேட் கூடக்கூட, டிஎச்சியின் தூண்டல் சிபி-55,940-ஐவிட வேகமாகச் சரியும். உப்பும் பின்னணியைத் தாழ்த்தும். பொட்டாசியம் குளோரைடு அதற்கு ஈடாகாது, சோடியம்தான் வேண்டும்.

அடுத்தது மூளைச் சவ்வுக்கே உரிய தொல்லை. உடைந்த திசுவிலிருந்து அடினோசின் கசிந்துகொண்டே இருக்கும். அது அடினோசின் ஏ1 ஏற்பியை எழுப்பும். அதுவும் ஜிஐ-யோடு சேர்வதுதான். சிபி1 தூண்டல் இதன் அடியில் மறைந்துவிடும். சவ்வை மருந்து போடும் முன் அடினோசின் டிஅமினேஸ் நொதியோடு, மில்லிலிட்டருக்குச் சில மில்லி-யூனிட், 30 டிகிரியில் 10 நிமிடம் வையுங்கள். பின்னணி இறங்குவதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

கந்தகம்-35-இன் அரை ஆயுள் 87 நாள். மூன்று மாதம் முன்பு வாங்கிய குப்பியின் மேல் எழுதிய எண்ணை அப்படியே கணக்கில் போட்டால், பாதிக்குப் பாதி தவறு.

சைக்ளிக் ஏஎம்பி சோதனையில் கவனிக்க வேண்டியது என்ன?

சிபி1 அடக்குகிற ஏற்பி. இல்லாததை அடக்க முடியாது. ஆகவே ஃபோர்ஸ்கோலின் கொடுத்துச் சைக்ளிக் ஏஎம்பியை உயர்த்திவிட்டு, மருந்து எவ்வளவு இறக்குகிறது என்று பார்க்கிறோம். சைக்ளிக் ஏஎம்பியைச் சிதைக்கும் நொதியைத் தடுக்க ஐபிஎம்எக்ஸ் அல்லது ரோலிப்ராம் சேர்க்க வேண்டும். ஐபிஎம்எக்ஸ் அடினோசின் ஏற்பிகளையும் தடுக்கும் என்பதை நினைவில் வையுங்கள். மருந்தையும் ஃபோர்ஸ்கோலினையும் சேர்த்த பின் 37 டிகிரியில் 10 முதல் 15 நிமிடம் போதும். நீண்டால் ஏற்பி களைத்துவிடும்.

ஃபோர்ஸ்கோலின் அளவை முதலில் தனியாக வளைவு போட்டுப் பார்த்து, உச்சத்தில் பாதி முதல் எண்பது சதம் வரை தரும் இடத்தில் நிறுத்துங்கள். உச்சத்தில் நின்றால் அடக்கம் எடுபடாது. கணக்கு எளிது. மருந்தும் ஃபோர்ஸ்கோலினும் இல்லாமல் 10, ஃபோர்ஸ்கோலின் மட்டும் 110, மருந்தோடு 45 என்றால், அடக்கம் 100-இல் 65.

ஒளிர்வு முறைக் கருவித்தொகுப்புகளில் ஒரு பொறி இருக்கிறது. கருவி தரும் விகிதம் சைக்ளிக் ஏஎம்பியின் அளவு அல்ல. இரண்டுக்கும் இடையில் இருப்பது எஸ் வடிவ, தலைகீழான வளைவு. நேர்க்கோடு அல்ல. அந்த விகிதத்தையே வரைந்து அதிலிருந்து மருந்தின் வலிமையைப் படித்தால், பத்து மடங்கு வரைகூடத் தவறலாம். அளவுவளைவு வைத்து முதலில் செறிவாக மாற்றுங்கள். உங்கள் ஃபோர்ஸ்கோலின் புள்ளி அந்த வளைவின் தட்டையான பகுதியில் விழுந்தால் செல்களின் எண்ணிக்கையைக் குறையுங்கள்.

பெர்ட்டுசிஸ் நச்சு, மில்லிலிட்டருக்கு 100 நானோகிராம், முந்தின இரவே கொடுத்து வைத்த செல்கள் ஒரு தட்டு எப்போதும் பக்கத்தில் இருக்கட்டும். அடக்கம் அதிலும் இருந்தால் அது ஜிஐ வழி வரவில்லை.

எர்க் பாஸ்பேட் ஏற்றம் ஒரு நாள் தெரிகிறது, மறுநாள் தெரியவில்லையே?

நேரம். உச்சம் சுமார் ஐந்தாவது நிமிடம். இருபதாவது நிமிடத்தில் பெரும்பாலும் அடங்கிவிடும். வளர்ப்புக் கரைசலை மாற்றுவதே எர்க்கை எழுப்பும் என்பதால், மருந்து போடும்போது கரைசலை மாற்றாமல் சிறு துளியாகச் சேர்க்க வேண்டும். சீரம் இல்லாமல் சில மணி நேரம் பட்டினி போடுவதும் அவசியம்.

ஆனந்தமைடு, 2-ஏஜி இரண்டும் சரியாக வேலை செய்வதில்லை. மட்டமான சரக்கா?

பெரும்பாலும் இல்லை. ஆனந்தமைடை ஃபா என்ற நொதி உடைக்கிறது. 1996-இல் பெஞ்சமின் கிராவட் குழு அதன் மரபணுவைக் கண்டது. மூளைச் சவ்வில் அது ஏராளம். ஒரு மணி நேரச் சோதனை முடிவதற்குள் உங்கள் ஆனந்தமைடு உடைந்துபோயிருக்கும். பிஎம்எஸ்எஃப் 50 மைக்ரோமோலார் சேர்த்தால் நொதி நிற்கும். ஒட்டும் வலிமை பல மடங்கு ஏறியதுபோல் தெரியும். பிஎம்எஸ்எஃப் தண்ணீரில் விரைவில் சிதையும் பொருள். காலையில் கலந்து வைத்ததை மாலையில் போடாதீர்கள்.

2-ஏஜி இன்னும் நொய்ம்மையானது. அதன் கொழுப்பமிலம் பக்கத்து இடத்துக்குத் தாவி 1-ஏஜி ஆகிவிடும். சீரம் உள்ள கரைசலில் இதற்குச் சில நிமிடங்கள்தான். அசிட்டோநைட்ரைலில் குளிரில் வைத்து, தேவையான நொடியில் எடுத்துப் போட வேண்டும். அதை உடைப்பது வேறு நொதி, மேகல். பிஎம்எஸ்எஃப் அதற்குப் போதாது.

என் செல்களில் டிஎச்சி முழு அகோனிஸ்டாகத் தெரிகிறதே. புத்தகம் தவறா?

புத்தகம் சரி, செல்லில்தான் விஷயம். நீங்கள் ஏற்றிய ஏற்பி தேவைக்குப் பல மடங்கு அதிகம். பத்து ஏற்பி எழும்பினாலே சைக்ளேஸ் முழுவதும் அடங்கிவிடும் என்றால், நூறு ஏற்பி இருக்கும் செல்லில் ஒவ்வொன்றையும் அரைகுறையாக எழுப்பும் மருந்தும் உச்சத்தைத் தொட்டுவிடும். சைக்ளிக் ஏஎம்பி போன்ற, பல படி பெருகி வரும் சமிக்ஞையில் இது அதிகம் தெரியும். அதே செல்லில் ஜிடிபி-காமா-எஸ் செய்தால், ஏற்பிக்கு அடுத்த படியையே அளப்பதால், டிஎச்சி தன் சொந்த உயரத்துக்கு இறங்கிவிடும்.

‘முழு’, ‘பகுதி’ என்ற சொற்கள் மூலக்கூறின் பிறவிக்குணம் மட்டுமல்ல. எந்தச் செல், எத்தனை ஏற்பி, எந்தப் படியில் அளந்தீர்கள் என்பதெல்லாம் அதில் சேர்ந்திருக்கிறது. இவற்றைச் சொல்லாமல் ஒரு மருந்தை ‘ஒரு சமிக்ஞை வழிக்கே சாய்வது’ என்று அறிவிப்பது எங்கள் பார்வையில் பொறுப்பற்ற வேலை. குறைந்தபட்சம் ஒரு செல்வகையில், ஒரே நாளில், ஒரே ஒப்பீட்டு மருந்தோடு இரண்டு சமிக்ஞைகளையும் அளந்திருக்க வேண்டும்.

ரிமோனபான்ட் என்ற சிபி1 தடுப்பு மருந்து விளைவைத் தடுத்துவிட்டது. அப்படியானால் அது சிபி1 வழிதான் என்று சொல்லலாமா?

அது மட்டும் போதாது. 1994-இல் வெளிவந்த ரிமோனபான்டும், அதன் உறவான ஏஎம்251-உம் வெறுமனே தடுப்பவை அல்ல. மருந்தில்லாத நிலையிலும் சிபி1 கொஞ்சம் முணுமுணுத்துக்கொண்டே இருக்கும். அந்த முணுமுணுப்பையும் அடக்குபவை இவை. தனியாகக் கொடுத்தாலே சைக்ளிக் ஏஎம்பி ஏறும். மைக்ரோமோலாரில் வேறு ஏற்பிகளையும் தொடும். ஏஎம்251 ஜிபிஆர்55 ஏற்பியை எழுப்பும். ஆகவே 100 நானோமோலார் அளவில் தடுக்கிறதா என்று பாருங்கள். வின்-55,212-2 பயன்படுத்தினால் அதன் திருப்பமான இணை வின்-55,212-3-ஐயும் பக்கத்தில் வையுங்கள். ஏற்பி ஏற்றாத அதே செல், அல்லது சிபி1 மரபணு நீக்கிய எலியின் திசு, எல்லாவற்றையும்விட நம்பகமான சாட்சி.

ரிமோனபான்ட் உடல் எடை குறைக்கும் மருந்தாக ஐரோப்பாவில் 2006-இல் அனுமதி பெற்றது. மனச்சோர்வும் தற்கொலை எண்ணமும் வந்ததால் 2008-இல் விற்பனை நிறுத்தப்பட்டது. அமெரிக்காவில் அனுமதி கிடைக்கவே இல்லை. அந்த அடிப்படை முணுமுணுப்பையும் சேர்த்து அடக்கியதுதான் காரணமா, அதை விட்டுவிட்டுத் தடுக்க மட்டும் செய்யும் மருந்து இருந்தால் இந்தத் துன்பம் வராதா என்ற கேள்வியோடு பலர் இன்றும் உழைக்கிறார்கள்.

எந்த ஆன்டிபாடி நம்பலாம்?

மரபணு நீக்கிய எலியின் திசுவில், ஏற்பியைக் காட்டும் பட்டை மறைவதை நீங்களே பார்த்த ஆன்டிபாடியை மட்டும். சிபி1 மரபணு நீக்கிய எலிகள் 1999 முதல் உள்ளன. சிபி2 ஆன்டிபாடிகள் விஷயத்தில் மிகுந்த எச்சரிக்கை வேண்டும். ஏற்பியே இல்லாத திசுவில் அழகான பட்டை தருபவை சந்தையில் உண்டு.

தொடர்ந்து மருந்து கொடுத்தால் ஏற்பி ஏன் மரத்துப்போகிறது? கிரிப்1ஏ என்பது என்ன?

மருந்து நீண்ட நேரம் ஒட்டியிருந்தால் கைனேஸ்கள் சிபி1-இன் வாலில், 426-ஆம், 430-ஆம் இடங்களில் உள்ள செரின் அமினோ அமிலங்களில் பாஸ்பேட் ஏற்றும். பீட்டா-அரெஸ்டின் வந்து ஜி-புரதத்தை விலக்கும். ஏற்பி உள்ளே இழுக்கப்படுவதற்கு வாலின் கடைசிப் பகுதி தேவை. இவை இரண்டும் தனித்தனி நிகழ்வுகள். சவ்விலிருந்து ஏற்பி மறையவில்லை என்பதால் அது மரக்கவில்லை என்று சொல்ல முடியாது.

கிரிப்1ஏ, 2007-இல் அறிவிக்கப்பட்ட சிறு புரதம். சிபி1 வாலின் நுனியில் ஒட்டும். பின்னாளில் வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழகத்தில் ஹௌலெட்டின் குழு, இது பீட்டா-அரெஸ்டினோடு இடத்துக்குப் போட்டியிட்டு, ஏற்பி உள்ளே போவதைக் குறைக்கிறது என்று காட்டியது. எந்த ஜி-புரதத்தோடு சேர வேண்டும் என்பதிலும் அதன் கை இருக்கிறது. சமிக்ஞையைத் தீர்மானிப்பவை மருந்தும் ஏற்பியும் மட்டுமல்ல. வாலைப் பிடித்துக்கொண்டு யார் நிற்கிறார்கள் என்பதும்தான். செல்வகைக்குச் செல்வகை முடிவு மாறும்போது கிரிப்1ஏ அளவையும் ஒரு முறை பார்த்துவிடுவது நல்லது.

ஒட்டுதல் கூடியும் சமிக்ஞை குறைய முடியுமா?

முடியும். ஆர்க்-27569 என்ற பொருள் 2005-இல் இதைத்தான் காட்டியது. அது சிபி1-இல் வேறொரு இடத்தில் ஒட்டுகிறது. அதைச் சேர்த்தால் சிபி-55,940 இன்னும் இறுக்கமாக ஒட்டும்; ஆனால் ஜி-புரதத்துக்குப் போகும் சமிக்ஞை இறங்கும். ஒட்டுதல் சோதனையை மட்டும் செய்தவர் இதை ஊக்கி என்று எழுதியிருப்பார்.

சிபிடி எப்படி வேலை செய்கிறது?

சிபிடி கஞ்சாவில் உள்ள மற்றொரு பொருள். சிபி1-இன் முக்கியப் பள்ளத்தில் அது மிகப் பலவீனமாகவே ஒட்டும். போதை தராததற்கு இதுவே காரணம். சில கடுமையான குழந்தைப் பருவ வலிப்பு நோய்களுக்குத் தூய்மைப்படுத்திய சிபிடி 2018-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அந்தப் பயனைச் சிபி1 தூண்டல் என்று விளக்குவது தவறு.

ஆய்வகத்தில் புதிதாகத் தொடங்குகிறோம். முதல் வாரம் என்ன செய்யலாம்?

புது மூலக்கூறைத் தொடாதீர்கள். ஏற்பி உள்ள செல், இல்லாத அதே செல், இரண்டிலும் சிபி-55,940-க்கு முழு வளைவு போடுங்கள். ரிமோனபான்டால் அது வலப்பக்கம் நகர்கிறதா பாருங்கள். பிறகு டிஎச்சி. மூன்று வெவ்வேறு நாள்களில், மூன்று முறை புதிதாக நீர்த்த மருந்தோடு, சிபி-55,940-இன் பாதி உச்சச் செறிவு மூன்று மடங்குக்குள் நின்றால் அடுத்த படிக்குப் போகலாம். நிற்காவிட்டால் செல்லைச் சந்தேகிப்பதற்கு முன் நீர்த்த குழாயைச் சந்தேகியுங்கள்.